முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகம், ஒரு செட்

“உனக்கு அலர்ஜி ஏதாவது உண்டாம்மா?”

மாமனாராகப் போகிறவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். இடம், ஆஸ்பத்திரி கேன்டீன். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, மேசைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டியூட்டியை விட்டு அவரால் வெளியே வர முடியாது என்பதால் பையன் அவளை அங்கேயே கூட்டிவந்திருந்தான். பச்சை உடுப்பும் துணித் தொப்பியுமாக வந்து உட்கார்ந்தவரை அவள் முதலில் டாக்டர் என்றே நினைத்துவிட்டாள்.

“இல்லை மாமா.”

“பென்சிலின் ஒத்துக்குமா?”

“ஒத்துக்கும்.”

“அப்பா, அவளைக் கல்யாணத்துக்குப் பாக்கறீங்களா, வார்டுல சேக்கப் பாக்கறீங்களா?” என்றான் பையன்.

“நீ சும்மா இருடா. மனுஷங்ககிட்ட எனக்குக் கேக்கத் தெரிஞ்சது இவ்வளவுதான்.” பிஸ்கட்டை டீயில் நனைத்து இடது பக்கமாகவே மென்றார். வலது பக்கம் கடைவாய்ப் பல் ஒன்றுகூடக் கிடையாது. “சரி, வேலைக்குப் போறே. வேலை விட்டு வந்தா என்னம்மா பண்ணுவே?”

சும்மா இருப்பேன் என்பதுதான் உண்மை. ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்மாடியில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் போய் ஒரு பெரியவரிடம் எப்படிச் சொல்வது?

“படிப்பேன் மாமா.”

“என்ன படிப்பே?”

“பழைய பெரிய எழுத்தாளருங்க எழுதினது. கிளாசிக்னு சொல்வாங்க.”

முழுப் பொய்யில்லை. கல்லூரியில் தமிழ், அந்த ஊர் ஆபீஸ் மொழி இரண்டிலும் இலக்கியம் எடுத்துப் படித்தவள்தான். ஆனால் கடைசிப் பரீட்சை எழுதிய பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

“அது மொத்தம் எத்தனை வரும்?”

“எது மாமா?”

“அந்தக் கிளாசிக்கு. எங்ககிட்ட வயித்து ஆபரேஷன் செட்டுன்னா அறுபத்தெட்டு பீஸ். எலும்புக்கு நூத்திப் பத்து. அது மாதிரி இதுக்கு ஒரு முழு செட்டுன்னா எத்தனை?”

கேலி செய்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தாள். இல்லை. கையிலிருந்த பிஸ்கட் ஊறி டீக்குள் விழுந்ததுகூடத் தெரியாமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

“ஒரு முந்நூறு இருக்கும்.” வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“முந்நூறு.” பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். “பெரிய செட்டுதான்” என்று எழுந்து போய்விட்டார்.

முப்பத்தொரு வருஷமாக அவர் உலகம் அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குள் இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் கத்தி, கத்தரி, இடுக்கி, துணி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் அங்கே இருந்தது. ஆள் உயரத்துக்கு இரும்புக் கதவு. அதைச் சாத்தித் திருகிப் பூட்டும்போது அவர் மூச்சை ஒரு கணம் பிடித்துக்கொள்வார். நர்ஸுகள் அவரைக் குக்கர் அண்ணன் என்பார்கள். மேட்ரனுக்கு வெறும் குக்கர். அவரும் போனை எடுத்தால் “குக்கர் பேசறேன்” என்றே ஆரம்பிப்பார்.

நூற்று முப்பத்து நான்கு டிகிரிதான் அவருடைய வேதம். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். உள்ளே சரியாக வெந்திருந்தால் அதில் கறுப்புக் கோடுகள் தோன்றும். கோடு விழாத பொட்டலம் அவரைத் தாண்டி மாடிக்குப் போனது கிடையாது. அதேபோல், ஒரு பீஸ் குறைந்தாலும் அந்தச் செட்டை விடமாட்டார். ஒருமுறை விரல் நீள இடுக்கி ஒன்று கணக்கில் வரவில்லை. பெரிய சர்ஜன் போனில் கத்தினார். இவர் அழுக்குத் துணி மூட்டை பதினேழையும் பிரித்து உதறி, இடுக்கியைக் கண்டெடுத்த பிறகுதான் அடுத்த செட்டை லிஃப்டில் ஏற்றினார். “கத்தினா கத்தட்டும். யார் வயித்துக்குள்ளயாவது வெச்சுத் தைச்சிருந்தா?” என்றாராம்.

படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆபீஸ் நடக்கும் அந்த இன்னொரு மொழியில் அவருக்கு எழுத்துகள் படம் மாதிரிதான். எந்தப் படம் எந்த டப்பாவில் இருந்தால் என்ன அர்த்தம் என்பது மட்டும் அத்துப்படி.

கல்யாணமாகி ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை, அவள் வேலை விட்டு மூன்றாவது மாடி ஏறிவந்தால் வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது. இடுக்கு வழியாக அத்தையின் குரல் வந்தது.

“பொறு, பொறு. உங்க மாமா ஒரு நீதிபதியை வீட்டுக்குள்ள கொண்டுவந்து கொட்டியிருக்கார்.”

அந்த ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் நூலகம் அது. அவர் மனைவி மகளோடு போய் இருக்க, வீட்டைக் காலி செய்தாள். வந்த பழைய புத்தக வியாபாரிகள் எல்லாரும் நல்லதாக முப்பதைப் பொறுக்கிக்கொள்கிறோம் என்றார்கள். வார்டு சிஸ்டர் மூலம் விஷயம் தெரிந்து போன இவர் மட்டும், “பிரிக்கக் கூடாதும்மா, மொத்தமாக் குடுங்க” என்றார். பல் கட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

“இருக்கிற பல்லை வித்தவங்க உண்டு” என்றாள் அத்தை. “இல்லாத பல்லை வித்துப் புத்தகம் வாங்கின ஆளு இவர்தான்.”

மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட இரும்பு அடுக்குகள் நான்கைக் கூடத்தின் சுவரோரம் நிறுத்தி, புத்தகங்களை உயர வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரே நாவலின் மூன்று பாகங்கள் மூன்று தட்டுகளில் போய் நின்றன. அவள் பார்த்தாள், சொல்லவில்லை.

“எண்ணிட்டேம்மா. நீ சொன்னது முந்நூறு. இது பன்னண்டு மேல. ஒண்ணும் குறையல.”

“எதுக்கு மாமா இவ்வளவு...”

“எதுக்குன்னா? வேலை விட்டு வந்தா பொழுது போக வேண்டாமா? உங்க வீட்ல எப்படி இருந்தியோ, இங்கயும் அப்படியே இருக்கணுமில்ல?”

உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிஷம்தான் இருந்தது. அவர் வியர்வையில் நனைந்து, தூசி படிந்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த வீட்டில்கூட யாரும் அவளுக்கென்று இப்படி ஒன்றைத் தூக்கிச் சுமந்ததில்லை. “ரொம்ப நன்றி மாமா” என்றாள். நிமிஷம் போய்விட்டது.

அவள் வேலை ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில். பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, வாடகை ஒப்பந்தம், விவாகரத்துத் தீர்ப்பு என்று காலையிலிருந்து ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிக்கொண்டே இருப்பாள். சாயங்காலம் பஸ்ஸில் கடைப் பலகையில் இருக்கும் எழுத்துகூட எறும்பாக ஊரும். வீட்டுக்கு வந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று அவளைப் பார்த்தார்கள். ஒருநாள் ஒன்றை எடுத்து விரித்தாள். பூட்டிய அலமாரி வாசனை, தாளெங்கும் பழுப்புப் புள்ளி, தும்மல். மூடிவைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஒரு புத்தகத்தை எடுத்துக் கட்டிலருகே வைப்பதும், அடுத்த ஞாயிறு அதைத் தட்டில் வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பதுமாக நாள் ஓடியது.

அவள் அறைக்கதவு சாத்தியிருந்தால் மாமா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

“ஷ்... அவ படிக்கிறா.”

“என் சீரியல்ல எல்லாரும் ஊமையாயிட்டாங்க” என்பாள் அத்தை. “நேத்து ஒருத்தி அழுதா. எதுக்குன்னு இன்னும் தெரியல.”

கதவுக்கு இந்தப் பக்கம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒன்றும் இருக்காது.

அத்தைக்கு முன்பே மூச்சிரைப்பு உண்டு. குளிர் நாளில் ஒரு வாரம் படுத்தும், போய்விடும். இப்போது போகவில்லை. மாவு சலிப்பது போல நெஞ்சுக்குள் ஒரு சத்தம் பகலிலேயே கேட்க ஆரம்பித்தது. கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போவதற்குள் இரண்டு முறை நின்றாள். மார்பு டாக்டர், வீட்டில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டார். “ஒரு மருமக, ஒரு நூலகம்” என்றாள் அத்தை. “பூஞ்சை பிடிச்ச புத்தகமா? முதல்ல அதை வெளியேத்துங்க” என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அன்று நால்வரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

“எடைக்குப் போட்டுடலாம்பா” என்றான் மகன்.

“எடைக்கா? ஒரு ஆளு ஆயுசு முழுக்கச் சேத்த செட்டுடா அது.”

“அதுக்காக அம்மா ஆயுசைக் கொடுக்க முடியுமா?”

“புத்தகம் படிச்சுக் கண்ணு போனவங்க உண்டு. படிக்காமலே மூச்சு போறது... நான்தான்.” அத்தை சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நிற்க வெகுநேரமாயிற்று. மாமா அவள் முதுகைத் தடவிக்கொண்டே மருமகளைப் பார்த்தார்.

“நீ என்னம்மா சொல்றே? உன் புத்தகம். நீ சொல்லு.”

‘எனக்கு வேண்டாம் மாமா’ என்று மூன்றே சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அவள் தரையைப் பார்த்தாள்.

“உங்க இஷ்டம் மாமா.”

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “பூஞ்சைன்னா என்ன? அதுவும் ஒரு கிருமிதானே?” என்றார், யாரிடமும் இல்லாமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முறை இல்லை. ஆனாலும் கேட்டு வாங்கிக்கொண்டு டியூட்டிக்குப் போனார். இரண்டு சலவைப் பைகளில், புள்ளி அதிகமாக இருந்த நாற்பத்தொரு புத்தகங்களை எடுத்துப்போனார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தொன்றும் சுத்தமாகித் திரும்பிய பிறகு மற்றதையும் ஏழு ஞாயிறில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அவர் கணக்கில் பிழை சொல்ல முடியாது. தினமும் கத்தியும் இடுக்கியும் காகிதப் பொட்டலத்தில்தான் உள்ளே போகின்றன. காகிதம் அப்படியே வெளியே வருகிறது. துணி வருகிறது. ரப்பர் வருகிறது. புத்தகம் ஏன் வராது?

மத்தியானம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன் வந்தது. மகன் வெளியூரில் இருந்தான். அத்தையால் படியிறங்க முடியாது. அவள் போனாள்.

அடித்தளத்து அறைக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. வெந்த தோலும் கோந்துமாக ஒரு நாற்றம். ஸ்டீல் மேசைமேல் நாற்பத்தொரு புத்தகங்களும் நாலு வரிசையாக இருந்தன. தோல் அட்டைகள் சுருங்கி, கருகிய அப்பளமாக முறுக்கிக்கொண்டிருந்தன. தாள்கள் ஊதி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. துணி அட்டையின் சிவப்பும் பச்சையும் ஓடி மேசையில் தேங்கி நின்றது. ஒவ்வொன்றிலும் அவர் டேப் ஒட்டியிருந்தார். எல்லா டேப்பிலும் கறுப்புக் கோடு பிசகில்லாமல் விழுந்திருந்தது.

“நாப்பத்தொண்ணும் இருக்கும்மா” என்றார் அவளைக் கண்டதும். “எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு.”

இயந்திரத்தின் அடியில் ஒரு மெக்கானிக் மல்லாந்து படுத்து, வடிகுழாயிலிருந்து பழுப்புப் பசையைக் கம்பியால் இழுத்துக்கொண்டிருந்தார். சுவரில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேட்ரன் படியில் பாதியிலேயே நின்று கத்தினாள்.

“குக்கர்! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே? காலைல வந்த விபத்துக்கு இருந்த செட்டெல்லாம் போயாச்சு. மேல ஒருத்தி பிரசவத்துக்கு வயித்தைத் திறக்கக் காத்துட்டிருக்கா. என்கிட்ட சுத்தமான கத்தி ஒண்ணு இல்ல!”

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து செட் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் அவள் அவரருகே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கே சஸ்பெண்ட் செய்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில், சாதாரணச் சட்டையில், மற்றவர்களோடு வரிசையில் நின்று மாடிக்குப் போய் வார்டு சிஸ்டரிடம், “குழந்தை அழுதுச்சா?” என்று மட்டும் கேட்டார். “அண்ணே, அது அழற அழுகைல நாங்க யாரும் தூங்கறதில்ல” என்றாளாம் அவள். திரும்பிவரும்போது லிஃப்டை விட்டுவிட்டுப் படியிலேயே இறங்கினார்.

விசாரணை நடந்தது. வேலை போகவில்லை. ஓய்வு பெறுவதற்கு இருந்த ஐந்து மாதத்தில் மிச்ச நாட்களைச் சலவைக் கிடங்கில் போர்வை மடிக்கச் சொன்னார்கள். ஆட்டோகிளேவ் அறை வாசலுக்கு அவர் அப்புறம் போகவில்லை. கடைசி நாளன்று பேச்சு, மாலை ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேட்ரன் மட்டும் கிடங்குக்கு வந்து, ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்து அவரோடு சேர்ந்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மிச்சமிருந்த இருநூற்று எழுபத்தொரு புத்தகங்களை ஒரு பள்ளிக்கூடம் வந்து எடுத்துக்கொண்டது. வண்டியில் ஏற்றும்போது அவர் கீழே நின்று எண்ணினார். “இது முழு செட்டு இல்ல” என்றார் வாத்தியாரிடம். “நாப்பத்தொண்ணு குறையுது. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் நீங்க ஏமாந்ததா நெனைக்கக் கூடாது.” அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அத்தைக்கு மூச்சு கொஞ்சம் சுலபமானது. முழுக்கச் சரியாகவில்லை. டிவி சத்தம் பழையபடி கூடியது. வலது பக்கப் பல் இல்லாமலேதான் அவர் கடைசிவரை மென்றார்.

வேலை போகாமல் தப்பியதற்கு விசாரணைக்கு அவர் கொடுத்த விளக்கக் கடிதமும் ஒரு காரணம் என்று பிறகு சொன்னார்கள். அதை எழுதியவள் அவள்தான்.

சஸ்பெண்ட் ஆன அன்றே, ஏழு நாளைக்குள், ஆபீஸ் மொழியில், எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் சமையலறை மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாத்திரம் கழுவிய ஈரம் மேசையில் இன்னும் இருந்ததால் அவள் அடியில் ஒரு பேப்பரை விரித்துக்கொண்டாள். அத்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

இயந்திரம் முன்பே கோளாறாக இருந்தது என்று எழுதச் சொல்லி மேட்ரனே ஆள் அனுப்பியிருந்தாள்.

“அப்படி எழுதினா உங்களுக்கு நல்லது மாமா” என்றாள்.

“மெஷின் மேல பழி போட மாட்டேன். சொன்னதைச் சொன்னபடி செஞ்சுது அது. நடந்ததை மட்டும் எழுது.”

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். தேதி, நேரம், டிகிரி, எத்தனை நிமிஷம், எத்தனை புத்தகம். தினம் தினம் அடுத்தவர் சான்றிதழ்களை மாற்றி எழுதும் கை, தடங்கலின்றி ஓடியது. ஒவ்வொரு வரியையும் அவருக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அந்த இடம் வந்தது: மேற்படிப் பொருட்களை இயந்திரத்தில் வைத்ததற்கான காரணம்.

பேனா நின்றது.

“மாமா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கேன்டீன்ல நீங்க கேட்டப்ப...”

“தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“நீ ஒண்ணையும் படிக்கலேன்னு தெரியும். தினம் அட்டையைத் துடைக்கிறவன் நான். தாளோரத்துத் தூசி, புத்தகம் வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. கை பட்ட ஒரு பொருளுக்கும் படாத பொருளுக்கும் வித்தியாசம் தெரியாமலா முப்பத்தொரு வருஷம் அங்க குப்பை கொட்டினேன்?”

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “எப்பலேர்ந்து?” என்றாள்.

“ரெண்டாவது வாரத்துலேர்ந்து.”

“அப்புறம் ஏன் மாமா...”

“என்னைக்காவது நீ எடுப்பேன்னு நெனச்சேன். அப்ப முழு செட்டும் இருக்கணுமில்ல.” அவர் கோபமாக இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் மேசையின் ஈரத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஆபீஸில் மேலதிகாரியிடம் லீவு கேட்பவர் மாதிரி கேட்டார்.

“நடந்ததை மட்டும் எழுதுன்னு நான்தான் சொன்னேன். ஆனா அந்த ஒரு வரியை மட்டும் மாத்தி எழுதிடும்மா. என் மருமக தினமும் அதைப் படிச்சிட்டிருந்தா, அவளுக்காகத்தான் வெச்சேன்னு எழுது. அங்க ஒரு பொம்பளை நாப்பது நிமிஷம் காத்துக் கிடந்தா. யாரும் படிக்காத புத்தகத்துக்காகத்தான் காத்துக் கிடந்தான்னு அந்த ஃபைல்ல இருக்க வேண்டாம்.”